ஆவணிக்குக் காத்திருந்த விசிறி

2005ஆம் ஆண்டு, மழைக்காலம். மைசூரின் மண்டி மொஹல்லாவில், இரண்டு ஸ்கூட்டர்கள் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்வாங்கியே ஆகவேண்டிய ஒரு சந்தில், மழைக்கு ஒதுங்கிய கடையில்தான் நஞ்சுண்டசாமியை முதன்முதலாகப் பார்த்தேன். அது கணினியில் ஜாதகம் கணித்துக் கொடுக்கும் கடை என்பதை உள்ளே சென்ற பிறகே கவனித்தேன். மழை விடுவதாக இல்லை. தம்பியின் பேத்தி பிறந்து சில வாரங்களே ஆகியிருந்தன. சும்மா நிற்பது மரியாதையன்று எனத் தோன்றியதால், குழந்தையின் பிறந்த நாளையும் நேரத்தையும் சொல்லி ஒரு ஜாதகம் கேட்டேன்.

அவர் இரண்டு விரல்களால் மெல்லத் தட்டினார். அச்சுப்பொறி இரைந்து இரைந்து சில தாள்களைத் தள்ளியது. நான் வாங்கிப் படித்தேன். ‘இக்குழந்தை நல்ல கல்வியை பெறுவார்கள். தாயார்க்கு மகிழ்ச்சிகள் உண்டாகுவார்’ என்றிருந்தது. கைப்பையிலிருந்து சிவப்புப் பேனா தானாகவே வெளியே வந்துவிட்டது. தமிழ் சொல்லிக்கொடுத்த பள்ளியிலிருந்து நான் ஓய்வு பெற்று அப்போது அதிக நாள் ஆகவில்லை.

“ஏனுங்கம்மா, பலன்ல ஏதாச்சும் தப்புங்களா?” என்றார் அவர் கலவரத்துடன்.

“பலனைப் பத்தி எனக்குத் தெரியாது. வாக்கியம் தப்பு.”

“வாக்கியமெல்லாம் மிஷின் எழுதறதுங்க.”

“மிஷினுக்கும் யாராவது எழுதித்தானே குடுத்திருப்பா?”

அவர் சற்று யோசித்தார். பிறகு சிரித்தார். “உள்ள போயித் திருத்தலாமுங்க. அதுக்கு வழி இருக்குது. எனக்குத்தான் தமிழ் எழுத்து தடுமாறும். நமக்கு ஊரு ராமாபுரம், அனூர்ப் பக்கம், எல்லையோரம். பேச்சு தமிழு, பள்ளிக்கூடம் கன்னடம்.”

அந்த மழைக்காலம் முழுவதும் நான் அக்கடைக்குப் போய்வந்தேன். ஒன்பது கோள்களுக்கும் பன்னிரண்டு வீடுகளுக்கும் உரிய வாக்கியங்களை அவர் ஒவ்வொன்றாகத் திரையில் கொண்டுவருவார், நான் சொல்வேன், அவர் எழுத்தெழுத்தாகத் தட்டுவார். ஒருமை பன்மையைச் சீர்செய்தோம். வல்லினம் மிகவேண்டிய இடங்களில் மிகச் செய்தோம். ‘அற்பாயுள்’ என்ற சொல் வந்தபோது அவர் கை நின்றுவிட்டது.

“டீச்சரம்மா, இத கொஞ்சம் மெதுவாச் சொல்ல முடியுங்களா? பேப்பரக் குடுக்கறப்ப அவங்க மொகத்த நான்தானுங்களே பாக்கணும்.”

‘உடல்நலத்தில் கவனம் தேவை’ என்று மாற்றினோம். அன்று முதல் மண்டி மொஹல்லாவில் எவருக்கும் அற்பாயுள் கிடையாது.

தம்முடைய வாழ்க்கையை அவர் ஒருபோதும் வரிசையாகச் சொன்னதில்லை. பேச்சுக்கிடையே உதிர்ந்தவற்றைச் சேர்த்துத்தான் நான் அறிந்துகொண்டேன். ராமாபுரத்தில் ஒரு ராகிக் கொல்லையில் பிறந்தவர். தாய்க்கு வலி கண்டபோது அருகில் கடிகாரம் கட்டியவர் எவரும் இல்லை. கதிரறுப்புக் காலம், வெயில் ஏறிக்கொண்டிருந்தது என்பதற்கு மேல் தாய்க்கும் நினைவில்லை. எந்த ஆண்டு என்பதிலும் ஐயம். ஊராருக்கெல்லாம் ஜாதகம் எடுத்துக் கொடுத்தவருக்குச் சொந்த ஜாதகம் இல்லை. பெயரின் முதலெழுத்தைக் கொண்டு அனுஷ நட்சத்திரம் என்று வைத்துக்கொண்டிருந்தார். “இப்போதைக்கு இதுங்க. உண்மையான நட்சத்திரம் வந்தா மாத்திக்கலாம்” என்பார். எங்கிருந்து வரும் என்று நான் கேட்டதில்லை.

மைசூர் ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி கட்டும் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தார். ஆலை மூடப்பட்டது. கைக்கு வந்த தொகையைக் கொண்டு கணினியையும் ஜாதக நிரலையும் வாங்கினார். அவருடைய மனைவி மாதம்மா, கடைக்குப் பின்னறையில் புடவைகளுக்கு ஃபால்ஸ் தைப்பவர். அக்கதையை அவர் சொல்லும் விதமே வேறு.

“மாவு மிஷின் வாங்குங்கன்னு தலபாடா அடிச்சுக்கிட்டனுங் டீச்சரம்மா. இந்த மனுசன் ஜாதக மிஷின் வாங்கியாந்தாரு. மாவு மிஷினா இருந்தா ரெண்டு தோசையாச்சும் கெடச்சிருக்கும்.”

“தோசை ஒரு வேளைக்கு. ஜாதகம் ஆயுசுக்கு” என்பார் நஞ்சுண்டசாமி.

“ஆமா, அதத்தான் தொட்டுக்கறோம்.”

அந்த நிரலை எழுதியவர் வெளியூர்க்காரர். தனியொருவராக எழுதி, எவரும் படியெடுத்துவிடாதபடி, விற்ற ஒவ்வொரு கணினிக்கும் தனித்தனியே பூட்டிக் கொடுத்திருந்தார். அந்தக் கணினியின் உள்ளிருக்கும் தாய்ப்பலகை என்னும் மின்பலகையை அடையாளம் கண்டால்தான் நிரல் திறக்கும். சில ஆண்டுகளில் அவர் காலமானார். அதன்பின் அந்தப் பூட்டைத் திறக்கத் தெரிந்தவர் இல்லை. கணினி உள்ளவரை கடை. கணினி போனால் எல்லாம் போயிற்று. இதை நஞ்சுண்டசாமி நன்கு அறிந்திருந்தார். வேறு நிரல்கள் வந்தன. கைப்பேசியிலேயே இலவசமாக ஜாதகம் பார்க்கும் காலமும் வந்தது. ஒருமுறை வேறொன்றை வாங்கிப் பார்க்கச் சொன்னேன்.

“பாத்தனுங்க. அதுல உங்க வாக்கியம் இல்லீங்களே” என்றார்.

கணினிக்கும் அவர் ஒரு ஜாதகம் வைத்திருந்தார். முதன்முதலாக அதை இயக்கிய நாளும் நேரமும் அவருக்கு நினைவிருந்தன. “இதுக்குப் பொறந்த நேரம் சுத்தமா இருக்குதுங்க. எனக்குத்தான் இல்ல” என்று பெருமையாகவே சொல்வார். தினமும் காலையில் அதன் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் இடுவார். பிறகு தூபக்காலில் சாம்பிராணி போட்டு அதன் முன்னே காட்டுவார். உள்ளே சுற்றும் விசிறி அந்தப் புகையைக் கம்பிக் கண்கள் வழியே சுழற்றி இழுத்துக்கொள்ளும்.

“பாத்தீங்களா, சாமி ஏத்துக்குது” என்பார்.

பதினெட்டு ஆண்டுகள் அவ்வாறு ஏற்றுக்கொண்டது.

2023ஆம் ஆண்டு கோடையின் இறுதியில் கணினி முனகத் தொடங்கியது. முதலில் காலையில் மட்டும். பிறகு நாள் முழுவதும். ஒருநாள் ஒரு குழந்தையின் ஜாதகம் பாதி வந்துகொண்டிருக்கையில் தானாகவே அணைந்துவிட்டது. அடுத்த சந்தில் கணினிகளும் கைப்பேசிகளும் பழுது பார்க்கும் கிருஷ்ணராஜ் வந்தார். நாற்பதைத் தாண்டியவர்; மைசூரிலேயே பிறந்த தமிழர். தமிழில் தொடங்கிக் கன்னடத்தில் முடிப்பார். பக்கக் கதவைக் கழற்றியவர் மூக்கைச் சுளித்தார்.

“அண்ணா, இது கம்ப்யூட்டரா, கோயில் கர்ப்பகுடியா?”

உள்ளே எல்லாமே கறுத்திருந்தன. சாம்பிராணியின் பிசினும் கற்பூரக் கரியும் சேர்ந்து, விசிறியின் இறக்கைகளில் மெழுகைப் போலப் படிந்திருந்தன. விரலால் சுழற்றினால் அரைச்சுற்றில் நின்றுவிட்டது. கணினிக்கு மூளை போன்ற சில்லு ஒன்று உண்டு. வேலை செய்யும்போது அது மிகவும் சூடாகும். அதன் மேல் ஓர் உலோகப் பாளத்தை வைத்து, பாளத்தின் மேல் இவ்விசிறியைப் பொருத்தியிருப்பார்கள். சில்லுக்கும் பாளத்துக்கும் இடையே, சூட்டைக் கடத்துவதற்காக ஒரு பசை தடவப்பட்டிருக்கும். இவற்றையெல்லாம் அன்றுதான் நான் தெரிந்துகொண்டேன்.

“சாம்பிராணியா?” என்று மெதுவாகக் கேட்டார் நஞ்சுண்டசாமி.

“சாம்பிராணியேதான். இத்தன வருசம் தாங்கினதே பெருசு.”

அவர் தூபக்காலை எடுத்துப் பின்னறையில் வைத்துவிட்டு வந்தார்.

அக்காலத்து விசிறி கடைகளில் கிடைப்பதில்லை. கிருஷ்ணராஜ் எங்கெங்கோ விசாரித்து, பெங்களூரில் ஒரு பழைய கடையில் பிரிக்கப்படாத பெட்டியொன்றைக் கண்டெடுத்து வரவழைத்தார். அதைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தபோது நானும் அங்கே இருந்தேன்.

“இப்பவே மாத்திரலாமா அண்ணா?”

நஞ்சுண்டசாமி பெட்டியைத் தொட்டுக் கண்களில் ஒற்றிக்கொண்டார். “ஸ்வல்ப பொறு கிருஷ்ணராஜு. ஆஷாடம் பொறந்துருச்சு.”

கன்னடக் கணக்கில் ஆஷாட மாதத்தில் புதிதாக எதையும் தொடங்க மாட்டார்கள். சரி, ஒரு மாதந்தானே என்று நாங்கள் எண்ணினோம். ஆனால் அவர் இரண்டு கணக்குகளுக்கும் உரியவர். ராமாபுரத்துத் தமிழராகப் பிறந்து மைசூரில் வாழ்ந்தவருக்கு, ஆஷாடம் முடியும் நாளில் தமிழ் ஆடி தொடங்கும். போதாக்குறைக்கு, அந்த ஆண்டு கன்னடத்தில், நல்ல காரியங்களுக்கு ஆகாத கூடுதல் மாதமான அதிக சிராவணம் வேறு குறுக்கிட்டது. வேறு எந்தத் தெருவில், வேறு எவர் வைத்திருந்தாலும் அந்த விசிறி ஒரே நாளில் மாற்றப்பட்டிருக்கும்.

“கன்னடத்துக்காரன் ஒரு மாசம் தள்ளுவான், தமிழ்க்காரன் ஒரு மாசம் தள்ளுவான். இவரு ரெண்டு பேருக்கும் சேத்துத் தள்றாரு” என்றார் மாதம்மா.

“நடுவுல நிஜமாவே நின்னுரும் அண்ணா” என்று எச்சரித்தார் கிருஷ்ணராஜ்.

“நிக்காது. அதுக்கு இப்ப குருபலம் இருக்குது.”

அதுவரைக்கும் ஓர் ஏற்பாடு செய்தார்கள். பக்கக் கதவைத் திறந்தே வைத்து, வீட்டு மேசை விசிறியைக் கொண்டுவந்து கணினியின் வயிற்றுக்கு நேரே சுழலவிட்டார்கள். ஜாதகம் கேட்டு வந்தவர்கள் வியர்வையில் நனைந்தபடி அமர்ந்திருக்க, காற்று முழுவதும் கணினிக்குச் சென்றது. ஆஷாடத்திலும் ஆடியிலும் வருவோரும் குறைவு. தேவையில்லாமல் கணினியை இயக்கக்கூடாது என்பது கிருஷ்ணராஜின் கட்டளை; நஞ்சுண்டசாமி அதை ஒழுங்காகவே கடைப்பிடித்தார்.

அவர் சும்மா காத்திருக்கவில்லை. ஆயத்தம் செய்துகொண்டேயிருந்தார். கிருஷ்ணராஜிடம் திரும்பத் திரும்பக் கேட்டுக் கேட்டு, அவ்வேலையின் ஒவ்வொரு படியையும் மனப்பாடம் செய்தார். கிருஷ்ணராஜ் அலுத்துக்கொண்டே ஒருநாள் முழுமையாகச் சொன்னார்:

“அண்ணா, கேளு. மாத்தறது பெரிய வேல இல்ல. ஆனா அந்தப் பேஸ்ட்டு காஞ்சு கல்லாயிருக்கு. சும்மா இழுத்தா சில்லும் சேந்து பிடுங்கிக்கிட்டு வந்துரும். அதோட காலெல்லாம் ஊசி மாதிரி, வளஞ்சா முடிஞ்சுது. அதனால மொதல்ல கொஞ்ச நேரம் ஓட விடணும். சூட்டுல பேஸ்ட்டு எளகும். அப்புறம் ஆஃப் பண்ணி, பிளக்கப் பிடுங்கி, பட்டன ஒருதடவ அமுக்கி மிச்சக் கரண்ட வெளிய விட்டு, கை சுடாத அளவுக்கு ஆறினதும் மெல்ல இப்படி அப்படித் திருகி எடுக்கணும். அவசரம் பேடா, வேண்டவே வேண்டாம்.”

“சூடு முக்கியம்” என்றார் நஞ்சுண்டசாமி.

“சூடு முக்கியம்” என்றார் கிருஷ்ணராஜ்.

கண்ணுக்குத் தெரியாத மின்சாரம் நம் உடம்பிலேயே இருக்கும், அது சில்லைக் கொன்றுவிடும் என்று கேள்விப்பட்டதும், அவர் பாலியஸ்டர்ச் சட்டையை விட்டுப் பருத்திச் சட்டைக்கு மாறினார். வேலைக்கு முன் சன்னல் கம்பியைத் தொடவேண்டும் என்றதால், கணினியின் அருகே செல்லும்போதெல்லாம் சன்னல் கம்பியைத் தொட்டுவிட்டுச் சென்றார். மருந்துக் கடையில் ஸ்பிரிட்டும் பஞ்சும் வாங்கினார். நகங்களை ஒட்ட வெட்டினார். திருகாணிகள் கலந்துவிடக்கூடாது என்பதற்காக மாதம்மாவின் இட்லித் தட்டு ஒன்றைக் கேட்டு வாங்கினார். எந்த மூலையின் ஆணி எந்தக் குழியில் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தார். தட்டைப் பிடிக்கும் பொறுப்பு எனக்கு.

“பிரசவத்துக்குக்கூட இந்த மனுசன் இப்படி நிக்கலீங்” என்றார் மாதம்மா. சொன்னவர் அத்துடன் நிறுத்திக்கொண்டார். அவர்களுக்கு ஒரு குழந்தை பிறந்து தங்காமல் போனதென்று அந்தச் சந்தில் பேசிக்கொள்வார்கள். அதைப்பற்றி அவர்கள் என்னிடம் பேசியதில்லை.

ஆவணி பிறந்தது. கன்னட நிஜ சிராவணமும் அதனுடனேயே பிறந்தது. வளர்பிறையில் ஒரு புதன்கிழமை முற்பகல் என்று நஞ்சுண்டசாமி முடிவு செய்தார். தம் நட்சத்திரத்துக்கும் கணினியின் நட்சத்திரத்துக்கும் பொருந்தி வரும்படி, அந்தக் கணினியிலேயே கணித்து எடுத்த நேரம் அது. நண்பகலில் ராகுகாலம் தொடங்கிவிடும். அதற்குள் வேலை முடிந்துவிடும் என்பது கணக்கு.

அன்று காலையிலேயே சென்றுவிட்டேன். கடை துடைத்து வைக்கப்பட்டிருந்தது. மரப்பலகையின் மேல் கணினி, அதன் அருகே பெட்டி, ஸ்பிரிட், பஞ்சு, புதிய பசைக்குழாய். இடம் வேண்டும் என்பதற்காக மேசை விசிறியைப் பின்னறைக்கு அனுப்பியிருந்தார். நஞ்சுண்டசாமியின் விரலில் இருந்த செப்பு மோதிரத்தைக் கழற்றச் சொல்லியிருந்தார் கிருஷ்ணராஜ். திருமணத்திலிருந்து கழற்றாத மோதிரம். மாதம்மா சோப்பு நுரை தடவி, முறுக்கி முறுக்கி எடுத்தார். விரலில் வெளுத்த வளையம் ஒன்று இருந்தது.

கிருஷ்ணராஜ் வரவில்லை. ஆள் அனுப்பினால் ‘இதோ வருகிறேன்’ என்று பதில் வந்தது. அவருடைய கடையில் ஒரு வாடிக்கையாளர் கைப்பேசியுடன் சண்டைக்கு நின்றிருந்தாராம். அவர் வந்து சேர்ந்தபோது நண்பகல் நெருங்கிக்கொண்டிருந்தது. கணினியை இயக்கினார், சூடாக விட்டார், அணைத்தார், இணைப்பைப் பிடுங்கினார். விசிறியின் கம்பி எங்கே செருகப்பட்டிருக்கிறது என்பதைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டார். ஆறுவதற்காகச் சற்றுக் காத்திருந்தோம். திருப்புளியை அவர் கையில் எடுத்தார்.

நஞ்சுண்டசாமி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

“வேண்டாம் கிருஷ்ணராஜு.”

“என்ன அண்ணா?”

“ராகுகாலம் வந்துருச்சு. கை வைக்காத.”

“ரெண்டு நிமிசம்தான் ஆகியிருக்கு!”

“ரெண்டு நிமிசம் ஆனாலும் அதுக்குள்ள இருக்கறது ராகுதான?”

நான் குறுக்கிட்டேன். “நஞ்சுண்டசாமி, ஆரம்பிச்ச வேலைக்கு ராகுகாலம் கிடையாதுன்னு நீங்களே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கேள்.”

“அது அவங்களுக்குங்க டீச்சரம்மா. ஆகலீன்னா அவங்களுக்கு வேற ஒண்ணு இருக்கும். எனக்கு இது ஒண்ணுதானுங்களே” என்றார்.

கிருஷ்ணராஜ் திருப்புளியை மேசைமேல் போட்டார். “சரி, நான் ஊட்டா முடிச்சுட்டு வர்றேன். ராகுவும் சாப்பிட்டு வரட்டும். மறுபடி சூடு பண்ணணும், அதை மட்டும் ஞாபகம் வச்சுக்கோ” என்று சொல்லிவிட்டுச் சென்றார்.

மாதம்மா எனக்குச் சோறு போட்டார். நஞ்சுண்டசாமி சாப்பிடவில்லை. பின்னறையில் நாங்கள் உண்டுகொண்டிருந்தபோது, முன்னறையில் கணினியின் பொத்தான் அழுத்தப்படும் ஓசை கேட்டது. சற்றுநேரத்தில் மீண்டும் கேட்டது. மீண்டும். கிருஷ்ணராஜ் வருவதற்குள் பசையைச் சூடாக்கி, அவருடைய நேரத்தை மிச்சப்படுத்தலாம் என்று அவர் எண்ணியிருக்கிறார். ராகுகாலத்தில் உள்ளே கை வைக்கக்கூடாது; சூடாக்குவதற்கு அப்படியொரு தடையில்லை என்பது அவர் கணக்கு. விசிறி அன்று சுற்றவேயில்லை. மேசை விசிறியும் எங்கள் அருகில் இருந்தது; எங்களுக்குத்தான் காற்று வீசிக்கொண்டிருந்தது. சூடு தாங்காமல் கணினி தன்னைத்தானே அணைத்துக்கொண்டது. அணைந்தால் பசை ஆறிவிடுமே என்று அவர் திரும்பவும் இயக்கினார். அது அணைந்தது. அவர் இயக்கினார்.

நாற்றம் வந்த பிறகே நாங்கள் எழுந்தோம்.

ராகுகாலம் கழிந்து வந்த கிருஷ்ணராஜ் மூக்கை உறிஞ்சினார், இணைப்பைப் பிடுங்கினார். வேலையைத் தொடங்கினார். அன்று எல்லாமே பிசகின்றி நடந்தன என்பதை நான் எழுதியாகவேண்டும். பசை வெண்ணெயாக இளகியிருந்தது. பாளம் ஒரு திருகலில் கழன்று வந்தது. சில்லு தன் இடத்திலேயே இருந்தது. ஓர் ஊசிக்கால்கூட வளையவில்லை. பழைய பசையைப் பஞ்சினால் துடைத்து, புதியதைப் பயறளவு இட்டு, புதிய விசிறியைப் பொருத்தி, படத்தைப் பார்த்துக் கம்பியைச் செருகினார். இட்லித் தட்டிலிருந்து நான் ஆணிகளை எடுத்துக் கொடுத்தேன். ஒன்றும் மிஞ்சவில்லை, ஒன்றும் குறையவில்லை. நஞ்சுண்டசாமி சன்னல் கம்பியைத் தொட்டுவிட்டு வந்து பொத்தானை அழுத்தினார்.

விசிறி சுற்றியது. ஓசையே இல்லாமல், மிக அழகாகச் சுற்றியது.

திரையில் ஒன்றும் வரவில்லை.

கிருஷ்ணராஜ் அணைத்தார், மீண்டும் இயக்கினார், நினைவகத்தைக் கழற்றி மாட்டினார். விளக்கை அருகில் பிடித்துத் தாய்ப்பலகையைப் பார்த்தார். சில்லைச் சுற்றியிருந்த சிறு உருளைகள் தலை உப்பி வெடித்திருந்தன. பலகையின் ஒரு பகுதி பழுப்பேறியிருந்தது.

“பலகை போயித்து அண்ணா.”

“பலகைய மாத்தினா?”

“மாத்தலாம். ஆனா உன் ஜாதகம் தெறக்காது. அது இந்தப் பலகையத்தான கேக்கும்?”

நஞ்சுண்டசாமி தலையசைத்தார். அந்த நிரலை எழுதியவர் உயிரோடு இருந்திருந்தால் என்று எவரும் சொல்லவில்லை. மாதம்மா மோதிரத்தைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். அது கொஞ்ச நேரம் அங்கேயே கிடந்தது.

“ஃபேன் மட்டும் ஓடட்டும். நிறுத்த வேண்டாம்” என்றார் நஞ்சுண்டசாமி.

நான் விடைபெற்றபோதும் அது ஓடிக்கொண்டிருந்தது.

அதன்பின் அவர் கடையைத் திறப்பதை நிறுத்தவில்லை. காலையில் கதவைத் திறந்து, கணினியின் நெற்றியில் சந்தனம் இட்டு, எதிரே அமர்ந்துகொள்வார். சாம்பிராணி மட்டும் இல்லை. மாதம்மா அக்கடையின் பாதியில் தம் தையல் இயந்திரத்தைக் கொண்டுவந்து போட்டார். புடவைக்கு ஃபால்ஸ் தைக்க வந்தவர்கள், அவர் யார் என்று தெரியாமல், “அண்ணா, ஸ்வல்ப நகந்துக்குங்க” என்பார்கள். அவரும் நகர்ந்துகொள்வார்.

ஒருமுறை ஒரு தாய், நைந்துபோன தாளொன்றை எடுத்துவந்தார். மகளுக்கு வரன் பார்க்கிறார்கள், பழைய ஜாதகம் மடிப்பில் கிழிந்துவிட்டது, இன்னொன்று வேண்டும். நஞ்சுண்டசாமி தாளை வாங்கிப் படித்துப் பார்த்தார்.

“நம்ம வாக்கியம்ங்க” என்று என்னிடம் நீட்டினார். ‘இப்பெண் பொறுமையால் எல்லோருடைய அன்பையும் பெறுவாள்’ என்றிருந்தது. பிழையில்லை.

“கட்டத்த நான் பாத்து வரஞ்சர்றேன். எழுத்து மட்டும் நீங்க எழுதிக் குடுக்க முடியுங்களா?”

எழுதிக் கொடுத்தேன். கையெழுத்து ஜாதகத்தை மாப்பிள்ளை வீட்டார் நம்ப மாட்டார்கள் என்று சொல்லி, அந்த அம்மாள் அடுத்த வாரம் அதைத் திருப்பிக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். வேறெங்கோ கைப்பேசியில் எடுத்துவிட்டார்களாம். அதற்குப் பிறகு எவரும் வரவில்லை.

2025ஆம் ஆண்டு பங்குனியில் அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்தார். இரைப்பையில் கட்டி; வெகு காலமாகவே இருந்திருக்கவேண்டும் என்றார்கள். அறுவை சிகிச்சை செய்யும் நிலையைக் கடந்துவிட்டது. ‘எப்போது அழைத்து வந்திருந்தால்’ என்று மாதம்மா கேட்கப் போனார். மருத்துவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்கவில்லை.

நான் மருத்துவமனைக்குச் சென்றபோது, நீண்ட கூடமொன்றில் சன்னலோரக் கட்டிலில் கிடந்தார். உடம்பு பாதியாகியிருந்தது. செப்பு மோதிரம் விரலில் நிற்காததால், மாதம்மா அதைத் தம் தாலிக் கயிற்றில் கோத்துக்கொண்டிருந்தார். மேலே மின்விசிறி முனகியபடி சுற்றிக்கொண்டிருந்தது. அதையே அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சத்தத்தப் பாத்தீங்களா? இதுவும் நிக்கப்போகுது” என்றார்.

“பேசாமப் படுங்கோ.”

“கிருஷ்ணராஜு அந்தப் புது ஃபேன எடுத்துட்டுப் போனானுங்களா?”

“எடுத்துண்டு போயிட்டான். யாருடைய கம்ப்யூட்டருக்கோ போட்டிருக்கானாம். நன்னா ஓடறதாம்.”

“அது நல்ல ஃபேனுங்க” என்றார். கண்களை மூடிக்கொண்டார். நான் போர்வையின் ஓரத்தைச் சரிசெய்தேன். எத்தனையோ பேருக்கு ‘உடல்நலத்தில் கவனம் தேவை’ என்று எழுதிக் கொடுத்தவர்கள் நாங்கள். அவருக்குச் சொல்வதற்கு என்னிடம் அதுபோல ஒரு வாக்கியமும் இல்லை.

மாதம்மா பிளாஸ்கில் வெந்நீர் வாங்கிவரச் சென்றார். அவர் கதவைத் தாண்டும்வரை காத்திருந்ததைப்போல, நஞ்சுண்டசாமி கண்களைத் திறந்தார்.

“டீச்சரம்மா, எதுத்தாப்பல சுவத்துல இருக்கற கடியாரம் நின்னு போச்சுங்க. நேத்துலருந்து பாக்கறேன். யாரும் கவனிக்கல.”

திரும்பிப் பார்த்தேன். உண்மைதான்.

“உங்க வாட்ச்சு சரியான நேரம் காட்டுதுங்களா?”

“ரேடியோவோட ஒத்துப் பாத்துத்தான் வெச்சிருக்கேன்.”

“அப்ப நீங்க வர்றப்பெல்லாம் கட்டிக்கிட்டு வாங்க. கடைசி நேரத்துல ஆள் அனுப்பச் சொல்லியிருக்கறேன், தயவு பண்ணி வந்துருங்க.” மூச்சு வாங்கிக்கொண்டு மீண்டும் தொடர்ந்தார். “மாதம்மா அழுதுக்கிட்டிருப்பா, அவளுக்குத் தோணாது. இங்க இருக்கறவங்க ஏதோ ஒரு நேரத்த எழுதிருவாங்க. நீங்க பக்கத்துல நின்னு, நான் போற நேரத்த மட்டும் சரியாப் பாத்துக் குறிச்சு வச்சிருங்க டீச்சரம்மா.”